முகத்தோல் பராமரிப்பு: பகலில் எது, இரவில் எது?



தோலின் தொழில்களைத் தருக என்று வினவினால், பாதுகாப்பு, உடல் வெப்பநிலையைச் சீராக்கல், கழிவகற்றல், புலனுணர்வு, விற்றமின் டீ தொகுத்தல் என ஐந்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவீர்கள். ஹற்றன் கடைவீதியில் ஒரு கிறீம் டப்பாவைக் கையில் எடுத்து, “இந்த ஐந்தில் எதற்கு இது துணை செய்யும்?” என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இப்பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது. சுகாதாரப் பாடத்துக்கும், விஞ்ஞானத்தில் வரும் அமிலம், காரம் பகுதிக்கும் இது பயன்படும். ஆண் பிள்ளைகள் “இது பெண் பிள்ளைகளுக்கு” என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பருவும் வெயிலும் ஆள் பார்த்து வருவதில்லை.

பகலும் இரவும்

பகலில் தோலுக்கு வேண்டியது பாதுகாப்பு. இரவில் வேண்டியவை சுத்தமும் ஈரப்பதனும். இதை மனதிற் கொண்டால் பொருள் தெரிவு செய்வது இலகு. எல்லா வேளைக்கும் ஒரே கிறீம் போதும் என்பதும் சரியன்று, பத்து வகைப் போத்தல்கள் வேண்டும் என்பதும் சரியன்று. உங்கள் வயதில் ஆரோக்கியமான தோலுக்கு மூன்று பொருட்கள் போதும்: மென்மையான சவர்க்காரம் அல்லது முகம் கழுவும் திரவம், ஈரப்பதனூட்டும் கிறீம், வெயில் தடுப்புக் கிறீம்.

“இங்கே எப்போதும் மூடுபனிதானே, வெயில் தடுப்பு எதற்கு?” என்பது மலையகத்தில் வழக்கமாக எழும் கேள்வி. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீற்றர் உயரத்திலும் ஹற்றன் சுமார் 1270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. உயரம் ஒவ்வொரு 1000 மீற்றரால் கூடும்போதும் கழியூதாக் கதிர்களின் (புறஊதாக் கதிர்கள் என்றும் எழுதுவர்) அளவு 10 முதல் 12 சதவீதம் வரை கூடுகிறது. ஆகவே ஒரே மாதிரியான தெளிந்த வானத்தின் கீழ் நிற்கும் கொழும்பு மாணவியைவிட நுவரெலியா மாணவியின் முகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான கழியூதாக் கதிர் விழும். குளிர் வெப்பத்தை மறைத்துவிடுவதால் நாம் அதை உணர்வதில்லை. மெல்லிய முகிலையும் இக்கதிர்களின் பெரும்பகுதி கடந்து வந்துவிடும். மலையில் நாள் முழுவதும் கொழுந்து பறிக்கும் அம்மாவின் கன்னத்தையும், சட்டைக் கைக்குள் மறைந்திருக்கும் தோலையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு பரிசோதனை தேவையில்லை.

வெயில் தடுப்புக் கிறீமில் எஸ்.பீ.எப். என்ற எழுத்துகளுடன் ஓர் எண் இருக்கும். “எஸ்.பீ.எப். 30 என்றால் 30 மணித்தியாலம்” என்று விடை எழுதுவோர் உண்டு. அது தவறு. 30 என்றால், சரியான அளவு பூசியபோது தோலைச் சுடும் கதிரில் முப்பதில் ஒரு பங்கே உள்ளே செல்லும் என்பது பொருள். அதாவது சுமார் 97 சதவீதம் தடுக்கப்படுகிறது. 15 எனில் சுமார் 93 சதவீதம், 50 எனில் 98 சதவீதம். 30இற்கும் 50இற்கும் இடையிலான வேறுபாடு விலையில் தெரியும் அளவுக்குத் தோலில் தெரியாது. 30 போதுமானது. யூ.வீ.ஏ., யூ.வீ.பீ. ஆகிய இரு வகைக் கதிர்களையும் தடுக்கும் எனக் குறிப்பிட்டிருத்தல் வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசி, வெளியில் நிற்பதாயின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

வாங்க வசதி இல்லையெனில்? அகன்ற விளிம்புத் தொப்பியும் குடையும் கிறீமுக்குக் குறைந்தவை அல்ல. காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் நிழலில் விளையாடுவதற்குச் செலவே இல்லை.

இரவில் செய்ய வேண்டியது

நாள் முழுவதும் சேர்ந்த தூசி, வியர்வை, விறகடுப்புப் புகை, பகலில் பூசிய கிறீம் ஆகியவற்றை இரவில் கழுவ வேண்டும். தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மையானது, அதன் பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 5 ஆகும். சாதாரண சவர்க்காரத்தின் பெறுமானமோ 9 முதல் 10 வரை, அதாவது காரத்தன்மையானது. துணி துவைக்கும் சவர்க்காரத்தால் முகம் கழுவினால் தோல் இழுபட்டு, வெடித்து, எரிவதற்குக் காரணம் இதுதான். குளிருக்குப் பயந்து கொதிக்கும் நீரை முகத்தில் ஊற்றுவதும் தோலின் இயற்கை எண்ணெயை அகற்றிவிடும். இளஞ்சூட்டு நீர் போதுமானது. முகத்தை ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றாகக் காயுமுன் ஈரப்பதனூட்டும் கிறீமைப் பூசுங்கள். கிளிசரின் சேர்ந்த எளிய கிறீம் சிறந்தது. தை, மாசி மாதக் குளிர்காற்றில் வெடிக்கும் உதட்டுக்கும் கன்னத்துக்கும் பெற்றோலியம் ஜெலி நல்லது.

பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசுவதைத் தவிர்க்கவும். அது துவாரங்களை அடைக்கக்கூடும். பருவ வயதில் ஓமோன்கள் நெய்ச்சுரப்பிகளைத் தூண்டுவதால் பரு வருகிறது, அழுக்கினால் மட்டுமன்று. ஆகவே ஒரு நாளைக்கு ஆறு முறை கழுவினாலும் அது போகாது. தேசிக்காய்ச் சாறும் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் புண்ணாகி, கருமையான தழும்பு விழலாம்.

வெண்மையாக்கும் ‘நைட் கிறீம்’

இப்பாடத்தில் நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இந்தப் பகுதியில்தான். சிறிய டப்பா, மேலுறையில் முகவரி இல்லை, “ஏழு நாட்களில் வெண்மை” என்ற வாக்குறுதி. திருமண வீட்டுக்கு முன்னும், கொழும்பில் கடை வேலைக்குச் செல்லுமுன்னும் அக்காமார் இதை வாங்குகிறார்கள். பரீட்சை முடிந்த கையோடு நீங்களும் வாங்கக்கூடும்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். கழியூதாக் கதிரை உறிஞ்சிக் கலங்களைக் காப்பதே அதன் வேலை. கருமை ஒரு நோயன்று. 1868 மீற்றர் உயரத்தில் அது ஒரு குடை. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ என்னும் பிரபல கிறீம், 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கி ‘குளோ அன்ட் லவ்லி’ ஆனது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பே அதற்குக் காரணம். ஆனால் பெயரில்லாத டப்பாக்கள் பெயர் மாற்றத் தேவையில்லையே!

இத்தகைய சில கிறீம்களில் இரசம் (பாதரசம்) கலக்கப்படுகிறது. மெலனினை உருவாக்கும் நொதியத்தை இரசம் தடுப்பதால் சில நாட்களில் தோல் வெளுக்கிறது. கிறீம் ‘வேலை செய்கிறது’ என்று நாம் நம்புவது அதனால்தான். அதே இரசம் தோலினூடாக உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்புத் தொகுதியையும் தாக்கும். முகமும் காலும் வீங்குதல், சிறுநீர் நுரைத்தல், கை நடுக்கம் ஆகியன அறிகுறிகளாகலாம். பூசியவரோடு இது நிற்பதில்லை. துவாய், தலையணை, கை வழியாக வீட்டிலுள்ள குழந்தைக்கும் இரசம் சேரும். ஒரே லயக் காம்பராவில் ஆறு பேர் உறங்கும் குடும்பத்தில் இதன் பொருள் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

மினமாட்டா என்னும் ஜப்பானிய நகரத்தில் இரசக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மக்களை நோயாளிகளாக்கியமை 1956இல் கண்டறியப்பட்டது. அந்நகரின் பெயரால் 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா சமவாயம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் இரசம் கொண்ட அழகுசாதனப் பொருட்களை 2020இற்குப் பின் உற்பத்தி செய்யவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என அது விதித்தது. 2023இல் அந்த அளவு வரம்பும் நீக்கப்பட்டு, இரசம் சேர்க்கப்பட்ட எல்லா அழகுசாதனப் பொருட்களையும் 2025உடன் நிறுத்தத் தீர்மானிக்கப்பட்டது.

மேலுறையில் மேர்க்குரி, கலோமெல், மேர்க்குரிக் அயடைட் ஆகிய சொற்கள் இருந்தால் வாங்காதீர்கள். சொல் இல்லாவிட்டாலும், “தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் பார்த்துக்கொள்க” என்ற அறிவுறுத்தல் இரசத்தைக் காட்டிக்கொடுக்கலாம். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்பன ஸ்ரெரோயிட் மருந்துகள். வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் அவற்றை முகத்தில் பூசினால் தோல் மெலியும், பரு பெருகும், முகத்தில் உரோமம் வளரும். ஏற்கெனவே பூசியிருப்பின் டப்பாவை எறிந்துவிடாமல், அதையும் எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம். எதைப் பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் வைத்தியர் சிகிச்சை தரலாம். விற்பனை பற்றி முறையிட, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

மாதிரி வினா

ஒரு கிறீம் டப்பாவில் “7 நாட்களில் வெண்மை”, “இரவில் மட்டும் பூசவும்”, “பூசுமுன் தங்க நகைகளைக் கழற்றவும்” என்று மட்டும் உள்ளது.

(அ) மேலுறையில் இல்லாத மூன்று விபரங்கள் தருக. (3 புள்ளிகள்)
(ஆ) மூன்றாவது அறிவுறுத்தலிலிருந்து நீர் ஊகிப்பது யாது? காரணம் கூறுக. (4 புள்ளிகள்)
(இ) “பகலில் நான் எதுவும் பூசுவதில்லை, ஆகவே எனக்குப் பாதிப்பில்லை” என இதைப் பாவிக்கும் ஒரு மாணவி கூறுகிறாள். இக்கூற்றை மதிப்பிடுக. (3 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: (அ) உள்ளடக்கப் பொருட்கள், தயாரித்தவரின் பெயரும் முகவரியும், காலாவதித் திகதி. தொகுதி இலக்கமும் ஏற்கத்தக்கது. (ஆ) இரசம் இருக்கலாம். இரசம் தங்கத்துடன் சேர்ந்து இரசக்கலவையை உண்டாக்குவதால் நகை வெளுத்துப் பழுதடையும். “இரசம் உண்டு” என்று உறுதியாக எழுதவேண்டாம். ஆய்வுகூடப் பரிசோதனையின்றி உறுதி கூற முடியாது, “இருக்கலாம்” என்பதே சரியான சொல். (இ) இரவில் உட்சென்ற நச்சு பகலிலும் உடலில் இருக்கும் என்பதை மட்டும் எழுதி நிறுத்திவிடுவோர் பலர். மெலனின் குறைந்த தோல் பகல் வெயிலில் பாதுகாப்பின்றி இருக்கும் என்பதையும் சேர்த்தால்தான் முழுப்புள்ளி.