சின்னச் சமையலறையும் கடுகு மஞ்சளும்

புதுச்சேரியில் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் சில ஆண்டுகளாக ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். ஹாலுக்கு வெள்ளை, படுக்கையறைக்குச் சந்தன நிறம் என்று அடக்கமாக முடித்துவிட்டு, துணிச்சலான நிறம் ஒன்று வேண்டும் என்ற ஆசையைச் சமையலறைக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். அந்த ஆசை நல்லது. வீட்டில் அதிகம் உழைப்பு நடக்கும் அறை கொஞ்சம் உயிரோடு இருக்கட்டும். ஆனால் அந்த நிறம் எப்படித் தேர்வாகிறது என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது. இளையவர்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்த காபி கடைச் சுவரைக் காட்டுகிறார்கள்; பெரியவர்கள் அக்னி மூலைக்கு இந்த நிறம்தான் ஆகும் என்கிறார்கள்; பெயிண்டர் வெளிச்சுவருக்கு வாங்கி மிஞ்சிய வாளியைக் காட்டுகிறார். மூன்று பேரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். லாஸ்பேட்டை அடுக்குமாடியானாலும் முத்தியால்பேட்டைச் சந்து வீடானாலும், பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் கடுகு மஞ்சள்! அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

வெள்ளை, ஐவரி, சந்தனம் ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை அடித்தவர் யாரும் பெரிதாக வருந்தியதில்லை, பெரிதாக மகிழ்ந்ததும் இல்லை. துணிந்து ஒரு நிறம் வேண்டும் என்பவர் முன்னால் இருப்பவை நான்கு: கடுகு மஞ்சள், நீலம், ஆழ்ந்த பச்சை, செங்காவி. எதை எடுத்தாலும் செலவு பயமுறுத்தக்கூடியதல்ல. ஆறுக்கு எட்டு அடிச் சமையலறையில், பத்தடி உயரத்துக்கு நான்கு சுவரும் சேர்ந்து 280 சதுர அடி வரும். அதில் கதவு, ஜன்னல், மேடைக்கு அடியிலும் மேலே இரண்டடி வரையிலும் ஒட்டிய டைல்ஸ், லாஃப்டுக்குப் பின்னால் மறைவது, ஃப்ரிட்ஜும் அலமாரியும் மறைப்பது எல்லாம் போனால் கண்ணுக்குத் தெரியும் சுவர் 100 முதல் 120 சதுர அடிக்குள்தான். இரண்டு கோட்டிங்குக்கு இரண்டு லிட்டர் எமல்ஷன் போதும். ஆகவே துணிவதில் ஆபத்தில்லை. சுவரை விசாரிக்காமல் துணிவதில்தான் ஆபத்து.

கடுகு மஞ்சள் ஒயிட் டவுனின் துய்மா வீதியிலும் சுய்ப்ரேன் வீதியிலும் அழகாக இருக்கிறது. அதை மறுப்பவர் கண்ணில் கோளாறு. ஆனால் அது ஏன் அங்கே அழகாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். நண்பகல் வெயிலில் திறந்த வெளியின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஒற்றை ஜன்னல் வைத்த சமையலறையின் உள்சுவரில் விழுவது சில நூறு லக்ஸ்தான். வெளியே அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பட்டை இருக்கிறது, மேலே நீல வானம் இருக்கிறது, மதிலில் ஊதாக் காகிதப்பூ படர்ந்திருக்கிறது. பாரிஸின் கோபலன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-இல் வெளியிட்ட தம் நூலில் இதைத்தான் விரித்து எழுதினார்: ஒரு நிறம் கண்ணில் எப்படிப் படுகிறது என்பதைப் பக்கத்து நிறம் முடிவு செய்கிறது, எதிர் நிறங்கள் அருகருகே நின்றால் இரண்டும் தூக்கலாகத் தெரியும். மஞ்சளுக்கு எதிர் நீலமும் ஊதாவும். ஒயிட் டவுன் தெருவில் வானமும் பூவும் அந்த வேலையைச் செய்கின்றன. சமையலறைக்குள் நாலு பக்கமும் மஞ்சளே நிற்கும்போது அதைத் தூக்கிக் காட்ட எதுவும் இல்லை. கீழே கறுப்பு கிரானைட், மேலே சிமெண்ட் லாஃப்ட், நடுவில் மஞ்சள்.

இதைவிடப் பெரிய காரணம் மஞ்சளின் இயல்பிலேயே இருக்கிறது. வெளிச்சம் குறைந்தாலும் நீலம் கருநீலமாக நிற்கும், பச்சை கரும்பச்சையாக நிற்கும், காவி இன்னும் ஆழ்ந்த காவியாகும். மஞ்சள் மட்டும் இருண்டால் மஞ்சளாக இருப்பதில்லை. பழுப்பாகிறது, அல்லது பாசி படிந்தது போலாகிறது. மஞ்சளாகத் தெரிய அதற்குப் பிரகாசம் வேண்டும். கடுகு மஞ்சளோ ஏற்கெனவே பாதி இருண்ட மஞ்சள். அதை ஒரு சின்னச் சமையலறையில் அடித்துவிட்டு லாஃப்டுக்கு அடியில் விழும் நிழலைப் பாருங்கள். ஜன்னல் பக்கம் கடுகாக இருக்கும் சுவர், மிக்ஸி வைக்கும் மூலையில் அழுக்கேறிய பச்சையாக இருக்கும். கதவுக்குப் பின்னால் மண்ணின் நிறமாகியிருக்கும். அதே வாளி, அதே இரண்டு கோட்டிங். ஆனாலும் பெயிண்டர் ஏமாற்றிவிட்டதாகச் சண்டை நடக்கிறது. மாலையில் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட்டைப் போட்டால் பச்சைச் சாயல் இன்னும் கூடும். இளமஞ்சள் பல்பு போட்டால் பழுப்பு கூடும். இதோடு, சின்ன அறையில் ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டு மீண்டும் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் நிறத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறது. ஷேடு கார்டில் இரண்டு அங்குலச் சதுரமாகச் சாதுவாக இருந்த மஞ்சள் அறை முழுக்க வந்ததும் கண்ணை உறுத்துவது இதனால்தான். தட்டில் இருக்கும் கீரையும் வெள்ளைச் சோறும்கூட அந்த மஞ்சளை வாங்கிக்கொள்கின்றன.

கண் பழகிவிடும் என்று சொல்வார்கள். பழகும்தான், அறை முழுக்க ஒரே சீரான வெளிச்சம் இருந்தால். ஆனால் நிழலும் வெளிச்சமும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது கண் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், பழகாது. மஞ்சள்தூள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளில் தெரியாது என்பது அடுத்த வாதம். இதை நான் தீவிரமாகவே மறுக்கிறேன். தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை எல்லாச் சுவரிலும் படிகிறது. அது தெரிகிற சுவரைத் துடைப்போம், தெரியாத சுவரைத் துடைக்க மாட்டோம். இரண்டு வருடத்தில் கடுகு மஞ்சள் புளிக்குழம்பு நிறத்துக்கு வந்த பிறகு, அந்தப் பிசுக்கு ஈரத்துணிக்கு அசையாது. இது நம் ஊரின் அடையாளம் என்ற வாதம்தான் மனதைத் தொடுவது. ஆனால் அடையாளம் எது? பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியில் தாழ்வாரமும் திண்ணையும் வைத்த தமிழ் வீடுகள் இருக்கின்றன. அந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அவையும் புதுச்சேரிதான். வெளிநாட்டார் வாழ்ந்த வீட்டின் வெளிச்சுவர் நிறத்தை எடுத்து நம் வீட்டின் அடுப்புக்குப் பின்னால் பூசுவது மரபு ஆகாது; புகைப்படத்துக்குப் பின்னணி ஆகும்.

பிரெஞ்சுச் சாயல்தான் வேண்டும் என்றாலும் வழி வேறாக இருக்கிறது. ஓவியர் குளோத் மொனே 1883 முதல் 1926-இல் இறக்கும்வரை ழிவெர்னியில் வாழ்ந்த வீட்டைப் பாருங்கள். அங்கே மஞ்சள் இருக்கிறது. ஆனால் பெரிய சாப்பாட்டு அறையில் இருக்கிறது. அடுத்திருக்கும் சமையலறை நீலம். சுவரில் நீலமும் வெள்ளையுமான ரூவான் ஓடுகள். நிறத்தையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் எந்த அறைக்கு எது என்று பிரித்து வைத்திருக்கிறார். சின்னச் சமையலறைக்கு உலகம் முழுதும் உதாரணம் காட்டப்படுவது 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. தொழிலாளர் குடியிருப்புகளுக்காக உருவான அது சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது 70 சதுர அடி. நம் ஊர் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் சமையலறையும் ஏறக்குறைய இதுதான். அதன் அலமாரிகளுக்கு அவர் கொடுத்தது நீலமும் பச்சையும் கலந்த அழுத்தமான நிறம். நீலத்தை ஈக்கள் விரும்பாது என்று அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஒதுக்கிவைத்தாலும், அத்தனை சின்ன அறையில் அழுத்தமான நிறத்துக்கு அவர் அஞ்சவில்லை என்பது மிச்சமிருக்கிறது.

ஆகவே என் கட்சி நீலம். கண்ணைப் பறிக்கும் மின்நீலம் அல்ல, சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தால் வருமே, அந்த நீலம். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தின் மூலப்பொருளான அல்ட்ராமரினைச் செயற்கையாகச் செய்யும் முறையைக் கண்டவர்களில் பிரான்ஸின் ழான்-பத்தீஸ்த் கிமே ஒருவர். அதற்காக அவர் 1828-இல் ஆறாயிரம் ஃபிராங்க் பரிசு பெற்றார். அந்த நிறமி சுண்ணாம்பின் காரத்தில் கெடுவதில்லை. நம் நகரத்துக்கும் நீலத்துக்கும் உறவு பழையது: 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. கடுகு மஞ்சளைவிட இந்த நீலத்துக்கு இந்த ஊரில் வேர் ஆழம். சமையலறையில் அதற்கு வேறு பலனும் உண்டு. பித்தளையும் செம்பும் எவர்சில்வரும் நீலத்தின் முன்னால் பளிச்சென்று எழுந்து நிற்கும். மஞ்சள், மிளகாய், மல்லி டப்பாக்கள் எல்லாம் தம் நிறத்தோடு தெரியும்.

நீலத்துக்குக் குறையும் உண்டு, மறைக்கக்கூடாது. கடலோர ஊரில் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்தால், வெள்ளையில் தெரியாதது ஆழ்ந்த நிறத்தில் வரைபடம் போலத் தெரியும். பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவரில் அக்ரிலிக் எமல்ஷனை அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் பூச்சை உரித்துத் தள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் எமல்ஷனே வேண்டாம்; சுண்ணாம்பும் நீலமும் போதும். ஆனால் புளியும் எலுமிச்சையும் தெறிக்கும் இடத்தில் சுண்ணாம்பு அரித்துப்போகும் என்பதால் அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் கட்டாயம். சிமெண்ட் பூச்சுள்ள புதுவீட்டில் மிதமான மினுமினுப்புள்ள எமல்ஷன் அடிக்கலாம். பளபளக்கும் எனாமல் டியூப் லைட்டை அப்படியே திருப்பிக் காட்டிக் கண்ணைக் கூசவைக்கும். கரும்பச்சை இரண்டாவது இடத்துக்கு உரியது. மர அலமாரி உள்ள வீட்டிலும், மேற்கு வெயில் நேராக விழும் சமையலறையிலும் அதுவே முதல். அக்னி மூலைக்கு நீலம் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொன்னால் அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். செங்காவி இருக்கிறது. அது நெருப்பின் நிறம், இருட்டினாலும் கெடாது. அடுப்புக்கு எதிர்ச்சுவர் ஒன்றில் மட்டும் அடித்தால் பெரியவர்கள் மனமும் நிறையும், அறையும் பிழைக்கும்.

இருண்ட நிறம் அறையைச் சுருக்கும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆறுக்கு எட்டு அடி அறையை எந்த வெள்ளையும் பெரிதாக்கியதில்லை. சுவர் ஆழ்ந்த நிறத்தில் இருக்கும்போது மூலைக் கோடுகள் மங்குகின்றன, சுவர் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கு உடனே பிடிபடுவதில்லை. விதானத்தையும் ஜன்னல் ஓரத்தையும் சுத்த வெள்ளையாக விட்டால் வெளிச்சத்துக்கும் குறைவிருக்காது. மேடைக்கு மேலே காய் நறுக்கும் இடத்தில் தனியாக ஒரு விளக்கு மட்டும் வேண்டும். அது எந்த நிறச் சமையலறைக்கும் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு தகுதி இருக்கிறது, அதை அறிய நாள் பிடிக்கும். தமிழ்ப் பகுதியின் நீண்ட மனைகளில் சமையலறை பின்கட்டில், முற்றத்து வெளிச்சத்தை நம்பி இருக்கும். அடுக்குமாடியில் அது பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே நிறத்தைச் சொல்லும் எந்த ஆலோசனையையும் நம்பாதீர்கள், இந்தக் கட்டுரை உட்பட. இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில் இரண்டு கோட்டிங் அடித்து, ஒரு வாரம் அதே அறையில் வையுங்கள். காலை ஏழு மணிக்கு ஜன்னலருகே, நண்பகலில் லாஃப்டுக்கு அடியில், இரவு டியூப் லைட்டில் என்று இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். அந்த அறையில் அதிக நேரம் நிற்பவர் யாரோ, அவர் சொல்வதே கடைசி வார்த்தையாக இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை. ஒரு வாரம் காத்திருப்பது பெரிய தவமல்ல.

காலமும் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று மார்கழியில் அவசரப்படுவது நம் வழக்கம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் அப்போது முழுக்கக் காய்ந்திருக்காது. அதன்மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஆடிக்குள் கொப்புளம் எழும். எமல்ஷன் என்றால் பங்குனி வரை பொறுங்கள். சுண்ணாம்பு நீலம் என்றால் கணக்கு வேறு: அது மெதுவாகக் காய வேண்டும், உச்சிக் கோடையில் அடித்தால் பொடியாக உதிரும். தை பிற்பகுதியிலோ மாசியிலோ, விடிகாலையில், சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டு மெல்லிசாக மூன்று கை அடியுங்கள். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். ஈரத்தில் கருநீலமாக இருப்பது காய்ந்ததும் பாதியாக வெளுக்கும். முதல் நாளே பயந்துபோய்ச் சுண்ணாம்பைக் கூட்டிவிடாதீர்கள்.