டேப் பெட்டி சொல்லும் கணக்குப் பாடம்



பேரேட்டையும் பாக்கிப் பட்டியலையும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இன்று நம்மில் பலர். இப்படி ஏற்றிய கணக்கைச் சேமித்து வைக்க முன்பு என்ன சாதனம் இருந்தது, பிற்காலத்தில் அது என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

பெரிய கம்ப்யூட்டர்களில் அரை அங்குல அகலக் காந்த நாடாவைப் பெரிய வட்டுகளில் சுற்றி வைத்திருந்தார்கள். 1972-ல் அமெரிக்காவின் த்ரீ எம் கம்பெனி 'டி.சி.300' என்ற சிறு நாடாப் பெட்டியைக் கொண்டுவந்தது. நாடாவின் அகலம் கால் அங்குலம், நீளம் 300 அடி. கையால் நாடாவைத் தொட வேண்டியதில்லை. பெட்டியை மெஷினில் செருகினால் போதும்.

பெட்டிக்குள் இரண்டு சுருள்கள். அவற்றைத் தொட்டு ஓடும் மெல்லிய இழுவை பெல்ட் ஒன்று. மெஷின் ஒரே ஒரு சிறு உருளையைத்தான் சுற்றும். அது பெல்ட்டை இழுக்க, பெல்ட் இரண்டு சுருள்களையும் சுற்றும். அதனால் நாடா தொய்யாது. சட்டென ஓடும், சட்டென நிற்கும்.

1975-ல் வந்த ஐ.பி.எம். 5100 கம்ப்யூட்டர் இவ்வகைப் பெட்டியில்தான் தகவலைச் சேமித்தது. ஒரு பெட்டியில் சுமார் 2 லட்சம் எழுத்துகள் அடங்கும். பாக்கி வரி ஒன்றுக்கு 40 எழுத்து என்று வைத்தால், 5,000 வரி!

ஆனால் ஆண்டுகள் பல கடந்தபின் அந்த பெல்ட்டுகள் இற்றுப்போயின. சில அறுந்தன, சில நாடாவோடு ஒட்டிக்கொண்டு காந்தப் பூச்சையே உரித்தன. பல பெட்டிகளில் பதிவு நன்றாகவே இருந்தும் ஓட்டிப் படிக்க முடியவில்லை. பெல்ட்டை மாற்றினாலும், படிக்கும் மெஷின் கிடைப்பது அரிது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது பென் டிரைவை நீட்டினால் மட்டும் போதாது. அது திறக்க வேண்டும். ஆகவே:

1. கணக்கின் ஒரு நகல் கடையில் இருந்தால், இன்னொன்று வீட்டில் இருக்கட்டும்.

2. மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, இரண்டு மூன்று பற்று வரவைச் சரிபாருங்கள்.

3. கம்ப்யூட்டரையோ கணக்கு மென்பொருளையோ மாற்றும்போது, பழைய கணக்கைப் புதியதில் ஏற்றிப் பார்த்த பிறகே பழையதை விடுங்கள்.

4. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள்.

சரக்கு கொடுத்தது உண்மையானாலும், எடுத்துக் காட்டக் கணக்கு இல்லையென்றால் பாக்கி வசூலாவது கடினம். இந்த மாதமே உங்கள் நகலை ஒருமுறை திறந்து பாருங்கள்.