பதிமுகத் தண்ணீரும் சில நம்பிக்கைகளும்

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் ரயிலை விட்டிறங்கி, அருகிலுள்ள உணவு விடுதியொன்றில் சாப்பாட்டுக்கு அமரும் தமிழ் யாத்திரிகர், இலை போடுமுன்பே தம் முன் வைக்கப்படும் இளஞ்சிவப்புத் தண்ணீரைக் கண்டு சற்றுத் தயங்கினாலும், அது பதிமுகம் என்னும் மரத்தின் சீவலை இட்டுக் காய்ச்சியது என்று கேட்ட மாத்திரத்தில், நிறம் ஏறியிருப்பதால் நீர் நன்கு கொதித்திருக்க வேண்டுமென்றும், கொதித்திருப்பதால் கிருமி அற்றதென்றும் அனுமானித்து நிம்மதியாகப் பருகிவிடுகிறார். இந்த அனுமானத்தின் முதற்படியே பிழையானது.

மார்க்கோ போலோவின் காலத்திலேயே கொல்லத்துச் சரக்கென்று பெயர்பெற்றிருந்த இம்மரத்தின் வைரத்தில் பிரேசிலின் என்றொரு பொருள் உண்டு. 1947-ல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சன் தம் இளமையில் ஆராய்ந்த பொருள் அது. தூய நிலையில் ஏறக்குறைய நிறமற்ற இது, காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் பிரேசிலீன் என்ற செஞ்சாயமாக மாறுகிறது. வெந்நீரில் தாராளமாகவும் குளிர்ந்த நீரில் மந்தமாகவும் கரையுமேயன்றி, கரைவதற்குக் கொதிநிலை வேண்டும் என்ற நியதி இதற்கில்லை. வெதுவெதுப்பான நீரில் சீவல் சிறிது நேரம் கிடந்தாலே போதும், நிறம் இறங்கிவிடும். சீவலும் நீரும் சேர்ந்திருந்தன என்பதற்கு மேல் அந்தச் சிவப்பு எதற்கும் சாட்சியாகாது.

இதைவிட அபாயமானது விளாவும் வழக்கம். கொஞ்சம் நீரில் பதிமுகத்தை அடர்த்தியாகக் காய்ச்சி, அதில் பச்சைத் தண்ணீரைச் சேர்த்துச் சூடு தணித்துப் பரிமாறினால், கரைசலின் செறிவு குறையுமே தவிர நிறம் மறைவதில்லை. ஆனால் பச்சைத் தண்ணீரோடு வந்த மஞ்சட்காமாலை வைரஸோ உயிரோடு குவளைக்குள் வந்துசேரும். கேரள சுகாதாரத் துறையினர் இவ்வழக்கத்தைக் கைவிடும்படி மீண்டும் மீண்டும் எச்சரித்தும், பசித்து வந்தவரிடம் இவ்வாறு நீரைக் கொடுக்கும் விடுதிகள் இன்னும் இருப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. ஆறவைக்க நேரமில்லை என்பது ஒரு சமாதானமே ஆகாது.

இரண்டாவது நம்பிக்கை, நன்றாகச் சிவந்தால் நல்ல கட்டை, மஞ்சளித்தால் கலப்படம் என்பது. சாலைக் கடைத்தெருவின் அங்காடி மருந்துக் கடையில் ஒரே கட்டையிலிருந்து சீவி வாங்கிச் சென்ற இருவரில், ஒருவர் வீட்டில் ரோஜா நிறமும் மற்றொருவர் வீட்டில் வெளிறிய மஞ்சளும் தோன்றுமாயின், விசாரிக்க வேண்டியது கடைக்காரரை அல்ல, கிணற்றைத்தான். செம்புரைக்கல் நிலத்துக் கிணறுகளின் நீர் பெரும்பாலும் சற்றே அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தில் இச்சாயம் மஞ்சளாகவும், காரத்தில் சிவப்பாகவும் இருப்பது அதன் இயல்பு. கண்ணாடிக் குவளை இரண்டில் இந்நீரை வார்த்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் சிவப்பு கலைந்து மஞ்சள் விரியும். மற்றதில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா இட்டால், பொடி விழுந்த இடத்திலிருந்து செம்மை நூல் நூலாக இறங்கி நீர் முழுவதும் பரவும். நீரில் இரும்பு கரைந்திருந்தாலோ ஊதா கலந்த கருமை தட்டும்; அதையும் பலர் கட்டையின் குற்றமென்றே எண்ணுகின்றனர். காய்ச்சுகையில் கரியமிலவாயு வெளியேறி அமிலத்தன்மை தணிவதால், சில கிணற்று நீர் கொதிக்கக் கொதிக்கச் சிவப்பதும் உண்டு.

காய்ச்சினால் நீரில் கரைந்த யாவும் நீங்கிவிடும் என்ற மூன்றாவது நம்பிக்கைக்கு விடை சுருக்கமானது. வாயுக்கள் நீங்கும், கால்சியம் பைகார்பனேட் சிதைந்து பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படியும். வலியதுறை, பூந்துறை போன்ற கடலோரப் பகுதிகளில் கிணற்று நீர் உவர்த்துவிட்டால், அதிலுள்ள உப்பு, 100 மில்லி நீரில் ஏறத்தாழ 36 கிராம் வரை கரையக்கூடியதாகையால், அடுப்பில் எத்தனை நேரம் வைத்தாலும் அப்படியே நிற்கும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே ஆதலால், உவர்ப்பு முன்னிலும் கூடும்.