ஸ்டூல் போட்டால் வியாபாரம் படுத்துவிடுமா?

நம்பிக்கை: கடை ஊழியரை உட்கார விட்டால் வேலை நடக்காது.

உண்மை: ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததும் நமக்கு ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்கள். நாற்பது புடவையைப் பிரித்துக் காட்டும் பெண்ணோ காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். ஆள் இல்லாத நேரத்திலும் அவர் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறித்தனம், வாடிக்கையாளருக்கு மரியாதைக்குறைவு. முதலாளிகள் மட்டுமல்ல, நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் இது சரியாக நடப்பதில்லை. ரத்தம் காலில் தேங்கிப் பாதம் வீங்குகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் நரம்பு சுருட்டிக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்களே, அந்த நோய் வர வாய்ப்பு கூடுகிறது. வியாபாரம் சூடுபிடிக்கும் மாலை நேரத்தில், கால் கடுக்க நிற்பவரிடம் சிரித்த முகத்தை எப்படிக் கேட்பது? ஜெர்மனியின் ஆல்டி கடைகளில் பில் போடுபவர்கள் உட்கார்ந்துதான் போடுகிறார்கள். வேகத்துக்குப் பேர்போன கல்லா அது.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரர் முன்னின்று நடத்திய ‘பெண்கூட்டு’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பு முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு உட்காரும் உரிமையையும் கேட்டது. 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைத் தந்தது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்றது. ஆனாலும் சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் ஸ்டூலிலிருந்து பதறி எழும் பெண்களை இன்றும் பார்க்கிறேன். அந்தப் பதற்றம் போகாதவரை ஸ்டூல் வெறும் கண்துடைப்புதான்.

நம்பிக்கை: வசதி செய்வது தர்மக் கணக்கு, லாபத்தில் சேராது.

உண்மை: பெங்களூரு பகுதி ஆயத்த ஆடை ஆலைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்இடி விளக்கு மாட்டினார்கள். பழைய டியூப்லைட்டை விட அதில் சூடு மிகக் குறைவு. வெயில் காலத்தில் தையல் வரிசையின் உற்பத்தி முன்போல் விழவில்லை. இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உற்பத்தியையும் கணக்கில் சேர்த்தால் விளக்குக்குப் போட்ட முதலீடு மூன்றரை வருடத்துக்குப் பதில் எட்டு மாதத்துக்குள் திரும்பிவிடும் என்று கண்டார்கள்.

நம்பிக்கை: சம்பளம்தான் பேசும், தொழிலாளிக்கு விளக்கம் எதற்கு?

உண்மை: ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்க நிறுவனம் ஒன்று, தன் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதச் சம்பளத்தைப் பிடித்தது. ஓர் ஆலையில் தலைவரே வந்து, ஒன்றரை மணி நேரம் கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஊழியர் திருட்டு இரண்டிலும் கூடியது. விளக்கம் கிடைக்காத ஆலையில் மிக அதிகமாக. வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம்.