எஞ்சிய மண்ணைக் காப்போம்

1985இல் கண்டிக்கு அண்மையில் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் சூழவிருந்த வயல்களும் நீரில் மூழ்கின. பல குடும்பங்கள் மேட்டுச் சரிவுகளில் குடியேறின. அணைக்காக ஒருமுறை நிலத்தை இழந்த நாம், எஞ்சிய மேல்மண்ணையும் மழையோடு அதே அணைக்கு அனுப்பலாமா?

புவி வெப்பமடைய, கடும் மழை மேலும் கடுமையாகும் என விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர். இதற்கு நாடுகள் தமது அனுபவத்தைப் பகிர்வது அவசியம். 1970களில் பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில் உருவான சரிவுநில வேளாண்முறை இன்று பல நாடுகளுக்கும் உதவுகிறது. அதை நாமும் செய்து பார்ப்போம்.

1. இரு சம நீளத் தடிகளைக் கூம்பாகக் கட்டி, குறுக்குத் தடி பொருத்தி, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுவோம். குறுக்குத் தடியின் சரிநடுவில் அடையாளமிடுவோம்.

2. கயிறு அடையாளத்தில் நிற்கும்படி சரிவின் குறுக்கே நகர்த்தி, கால் ஊன்றும் இடந்தோறும் முளை அடிப்போம். இதுவே சமவுயரக் கோடு.

3. 4 முதல் 6 மீற்றருக்கு ஒரு கோடாக, ஒவ்வொன்றிலும் இரு வரிசை சீமைக்கிளுவையை நெருக்கமாக நடுவோம். வேலி மண்ணை மறிக்கும். வெட்டிப் பரப்பும் இலை நைதரசன் பசளையாகும்.

மேல்தோட்டத்து வெள்ளம் கீழ்த்தோட்டத்தையே அரிக்கும். ஆகவே ஒருவர் வேலி மட்டும் போதாது.

கலந்துரையாடுவோம்: நமது தோட்டத்தில் மழைநீர் எவ்வழியாக ஓடுகிறது? அயலவரோடு சேர்ந்து எந்தக் கோட்டில் தொடங்கலாம்?