மூட்டுவலியோடு முருகனைக் கும்பிடுவது எப்படி?

 

இன்னைக்குப் பாடம் விரதமுறையைப் பத்தியோ தலவரலாறு பத்தியோ இல்ல. நம்ம வீட்டுல அம்மாவோ, பாட்டியோ, சித்தியோ தினமும் அனுபவிக்கிற ஒரு வேதனையைப் பத்தியது. சில பேருக்கு அது உங்க வலியாவே இருக்கும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா கடைசி வரை படிங்க.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். என் அம்மாவுக்கு ஏழு வருஷமா முடக்குவாதம். ஒரு கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கணும்னு ஆசைப்பட்டாங்க. "வெறும் வயித்துல மாத்திரை போட முடியாதேப்பா"ன்னு தயங்கினப்போ, "ஆறு நாள்தானேம்மா, முருகன் பார்த்துப்பான், மாத்திரையை நிறுத்துங்க"ன்னு சொன்னது நான்தான். திருக்கல்யாணத்து அன்னைக்குக் காலையில அம்மாவால விபூதி டப்பாவோட மூடியைத் திறக்க முடியல. விரல் எல்லாம் வீங்கி, கட்டிலை விட்டு எழுந்து உட்காரவே முக்கால் மணி நேரம் ஆச்சு. பழைய நிலைமைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் இந்த நோயைப் பத்தி உட்கார்ந்து படிச்சேன். படிச்சதையும் டாக்டர்கிட்ட கேட்டதையும்தான் இங்கே எழுதுறேன்.

*எல்லா மூட்டுவலியும் ஒண்ணு இல்லை*

வயசானவங்களுக்கு அதிகமா வர்றது மூட்டுத் தேய்மானம். எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற குருத்தெலும்பு தேய்ஞ்சு போறதால வர்றது. முழங்கால், இடுப்பு, விரல் நுனி மூட்டு இதுலதான் பெரும்பாலும் வரும். காலையில எழுந்ததும் ஒரு இறுக்கம் இருக்கும், அரை மணி நேரத்துக்குள்ள விட்டுடும். நடந்தா, படியேறினா வலி கூடும்.

முடக்குவாதம் வேற. டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொல்வாங்க. கிருமியோட சண்டை போட வேண்டிய நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி, மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வையே எதிரின்னு நினைச்சுத் தாக்கும். ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகள் வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலயும் இருக்கும். கூடவே காரணமில்லாத அசதி. ஆண்களை விட பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருது. முப்பது வயசுல கூட ஆரம்பிக்கும். அதனால "இந்த வயசுல என்ன மூட்டுவலி"ன்னு யாரையும் கேட்காதீங்க.

கை விரல் மூட்டுகள் வீங்கி, சில வாரமா காலையில இறுக்கம் விடலன்னா தைலம் தேய்ச்சுக்கிட்டே நாளைக் கடத்த வேண்டாம். ருமட்டாலஜிஸ்ட் என்கிற மூட்டுவாதச் சிறப்பு மருத்துவரைப் பாருங்க. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா மூட்டு கோணிப் போகாம பெருமளவு காப்பாத்தலாம். கோணின பிறகு அதை மருந்தால நிமிர்த்த முடியாது.

*பக்தி குறைஞ்சா வலி வருமா?*

"என்ன பாவம் செஞ்சியோ", "முன்ன மாதிரி கோயிலுக்கு வர்றதில்ல, அதான்" இந்த வார்த்தைகள் மூட்டை விட அதிகமா வலிக்கும். ஒரு சொந்தக்காரங்க என் அம்மாகிட்ட இதை நேராவே சொன்னாங்க.

அருணகிரிநாதர் திருத்தணித் திருப்புகழ் ஒண்ணுல நோய்களை வரிசையா அடுக்குறார். இருமல், வாதம், நீரிழிவு, தலைவலி, சோகைன்னு போகும் அந்தப் பட்டியல். இதெல்லாம் "என்னை" வருத்தாம இருக்க உன் திருவடியைத் தான்னு கேட்கிறார். அடுத்தவனுடைய பாவமா அதை எண்ணிப் பாடலை, தன் உடம்பை முன்னால வைச்சுப் பாடுறார். கந்த சஷ்டி கவசத்திலயும் தேவராய சுவாமிகள் முழந்தாளையும் கைகளையும் விட்டுவைக்காம வேலைக் காவலுக்குக் கூப்பிடுறார். சுளுக்கும் குடைச்சலும் வாதமும் கூட அதுல வருது. உடம்பு வலியை முருகன்கிட்ட சொல்றதுக்கு நாம வெட்கப்பட வேண்டியதே இல்லை.

*பாம்பன் சுவாமிகள் படுத்திருந்த கட்டில்*

1923 டிசம்பர் 27. சென்னை தம்புச் செட்டித் தெருவுல நடந்து வந்த பாம்பன் சுவாமிகள் மேல குதிரை வண்டி மோதி, கால் எலும்பு முறிஞ்சது. அப்போ அவருக்கு வயசு எழுபதுக்கு மேல. அரசு பொது மருத்துவமனையில சேர்த்தாங்க. இந்த வயசுல எலும்பு கூடுறது கஷ்டம்னு டாக்டர்கள் சொன்னதாகச் சுவாமிகளின் வரலாறு சொல்லுது. சீடர் சின்னசுவாமி ஜோதிடர் சண்முக கவசத்தை விடாம ஓதினார். 11-ஆம் நாள் சுவாமிகளுக்கு மயில் வாகனக் காட்சி கிடைச்சது. கால் குணமாகி வீடு திரும்பினார். மார்கழி வளர்பிறைப் பிரதமையில நாம கொண்டாடுற மயூர வாகன சேவன விழா இதை நினைவுபடுத்தத்தான்.

இந்த வரலாற்றை நாம ஆயிரம் தடவை பகிர்ந்திருப்போம். ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்காம விட்டுடுறோம்.

ஒண்ணு, அந்த அற்புதம் நடந்த இடம் ஆஸ்பத்திரிக் கட்டில். முருகனைப் பாடிய மகான் மருத்துவத்தை ஒதுக்கி வைக்கலை. ரெண்டு, சண்முக கவசத்தை 1891-ல பாடினவர் சுவாமிகள்தான். ஆனா அவர் வலியில கிடந்தப்போ அவருக்காக அதை ஓதினது ஒரு சீடர். வலியில இருக்கிறவங்களுக்குப் பதிலா பக்கத்துல இருக்கிறவங்க பாடலாம். இந்த ரெண்டாவது விஷயம்தான் இளைஞர்களான நமக்குப் பாடம்.

*அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டியது*

1. *விரதம்:* சஷ்டியோ கிருத்திகையோ, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க. வலி மாத்திரையை வெறும் வயித்துல போட்டா குடல்புண் வரலாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்துறது ஆபத்து. முடக்குவாதத்துக்குத் தர்ற மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுறது. மறதியில தினமும் போட்டா உயிருக்கே ஆபத்தாகும். அந்தக் கிழமையைக் காலண்டர்ல குறிச்சு வைக்கிற வேலையை நீங்க எடுத்துக்கோங்க. பாலும் பழமும் எடுத்துக்கிட்டு, மாத்திரையும் போட்டுக்கிட்டு இருக்கிற விரதமும் விரதம்தான்.

2. *படியும் மலையும்:* பழனியில விஞ்சும் ரோப் காரும் இருக்கு. திருத்தணியில வண்டி மேலேயே போகும். திருச்செந்தூர்ல மலையே ஏற வேண்டாம், கடற்கரையிலேயே நிக்கிறான் செந்திலாண்டவன். அம்மாவால முடியலன்னா "நாலு படிதானே, வாங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அடிவாரத்துல நின்னு கோபுரத்தைக் கும்பிட்டாலும் கும்பிட்டதுதான்.

3. *உட்காருவது:* தரையில சம்மணம் போட்டாத்தான் பூஜைன்னு சட்டம் இல்லை. நாற்காலி போடுங்க. சாமி படத்தை அவங்க கண் உயரத்துக்கு மாத்தி வையுங்க. கனமான பித்தளை மணிக்குப் பதிலா சின்ன மணி, இறுக்கமான மூடிக்குப் பதிலா திறந்த விபூதிக் கிண்ணம்.

4. *வேலையைப் பிரிப்பது:* வலி குறைவா இருக்கிற நாள்ல வீடு முழுக்கக் கழுவி, மாக்கோலம் போட்டு, ஐஞ்சு பதார்த்தம் செஞ்சுட்டு, அடுத்த மூணு நாள் படுத்துடுவாங்க. கிருத்திகை வேலையை மூணு நாளாப் பிரிச்சுக்கச் சொல்லுங்க. இருபது நிமிஷம் வேலை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி வேலை.

5. *அசைவு:* வலிக்குதுன்னு அசையாமலே இருந்தா தசை பலம் போய் வலி இன்னும் கூடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை கவசம் ஓடுற நேரத்துலயே செய்யலாம். உடம்பு எடை கூட இருந்தா, ஒரு கிலோ குறைஞ்சாலே ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தாங்குற சுமை சுமார் நாலு கிலோ குறையும்.

*நாம செய்ய வேண்டியது*

நாள்பட்ட வலி வெளியே தெரியாது. காலையில சிரிச்சுப் பேசினவங்க சாயங்காலம் எழுந்திரிக்க முடியாம இருப்பாங்க. அது நடிப்பு இல்லை, அந்த நோயோட குணமே அதுதான். "இன்னைக்கு எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. பதிலை நம்புங்க. நம்மால குணமாக்க முடியாது. ஆனா தனியா விடாம இருக்க முடியும்.

இப்போ எங்க வீட்டுல சஷ்டி இப்படித்தான் நடக்குது. காலையில அம்மாவுக்கு இட்லி, மாத்திரை, வெந்நீர்ல கை ஒத்தடம். அப்புறம் அவங்க நாற்காலியில சாய்ஞ்சு கண்ணை மூடிக்கிறாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து சண்முக கவசம் படிக்கிறேன். அ-வுல தொடங்குற முப்பது பாட்டு. நான் தடுமாறுற இடத்துல அவங்க உதடு மட்டும் அசையும். முடிஞ்சதும் விபூதியை நான் எடுத்து அவங்க நெத்தியில வைப்பேன், ஏன்னா டப்பா திறக்கிறது இப்போ என் வேலை.

உங்க வீட்டுல யார் கை நடுங்குதோ, அவங்க பக்கத்துல இன்னைக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு கவசம் படிங்க. மாத்திரை போட்டாச்சான்னும் கேளுங்க. உங்க குடும்பக் குழுவிலயும் இதைப் பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!