டைமரை டைரக்ட் பண்ணாதே

அன்புள்ள தம்பிக்கு,

மிக்ஸி, வாஷிங் மெஷின் வேலையோடு இப்போது ஓவன்களும் கடைக்கு வருகின்றன, அதில் பாதிப் புகார் டைமரைப் பற்றித்தான் என்று எழுதியிருந்தாய். வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த வேலை இனிக் கூடத்தான் செய்யும், கற்றுக்கொள்.

ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திற. எப்படித் திருப்புகிறீர்கள் என்று வீட்டுக்காரம்மாவைச் செய்துகாட்டச் சொல். குமிழை, டைமர் ஓடாத ‘ஸ்டே ஆன்’ பக்கம் வைத்துவிட்டு, ‘டைமர் ஓடவே மாட்டேங்குது’ என்பவர்கள் உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு நேராக ஐந்தில் வைத்தால் வில்லுக்கு முறுக்கு போதாது. நன்றாகத் தாண்டித் திருப்பிவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும். சுவரில் பதித்த டிஜிட்டல் ஓவனென்றால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் மினுக்கிக்கொண்டே நிற்கும். மணியைச் சரியாக வைக்கும்வரை பல மாடல்கள் சூடாகாது. இதற்கெல்லாம் போர்டைக் கழற்றிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அந்தக் கூட்டத்தில் சேராதே.

குமிழ் வைத்த ஓடிஜியில் (ஓவன் டோஸ்டர் கிரில்) வில்லும் பல்சக்கரமும்தான் நேரத்தை ஓட்டுகின்றன. அதற்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் அதே டப்பாவுக்குள் ஒரு சுவிட்சும் இருக்கிறது. சூடாக்கும் காயிலுக்குப் போகும் கரண்ட் முழுவதும் அந்தச் சுவிட்சின் பாயிண்டைத் தாண்டித்தான் போகிறது. அதனால் டிக் டிக் சத்தத்தை நம்பாதே. பாயிண்ட் கெட்டிருந்தால் சத்தம் வரும், மணியும் அடிக்கும், சூடு மட்டும் இருக்காது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பக்க ஒயரைக் கழற்றி மீட்டரை வை. பூஜ்யத்தில் பாயிண்ட் திறந்திருக்க வேண்டும், திருப்பினால் சேர வேண்டும். பீப் சத்தம் வந்தால் போதும் என்று விட்டுவிடாதே, ஓம் எவ்வளவு என்று பார். மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டு அதன் சொந்த அளவைக் கழித்துக்கொள். 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். கருகிய பாயிண்டில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தாலும் அந்த இடத்தில் சுமார் 40 வாட் சூடு உண்டாகும். நீ பற்றவைக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! குமிழ் இளகுவதும் ஒயர் முனையில் இருக்கும் லக் கறுப்பதும் ஏன் என்று இப்போது புரியும்.

புது டைமர் போட்டுச் சில மாதத்தில் அதே ஓவன் திரும்பி வந்தால், பெரும்பாலும் குற்றம் டைமருடையது இல்லை, தளர்ந்த லக்குடையது. லக்கை மாற்றி இறுக்கமாக கிரிம்ப் செய். அங்கே ஈயம் வைக்காதே, சூட்டில் இளகிவிடும். சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கானது; சிலிக்கான் அல்லது ஃபைபர் கிளாஸ் ஒயர் போடு. சிக்கிய டைமருக்குள் எண்ணெய் விடுகிற வழக்கமும் வேண்டாம், அது பாயிண்டில் வழிந்து கரியாகும். ரிவிட் அடித்த டப்பாவைப் பிரித்துச் சரிசெய்ய மெனக்கெடுவதைவிட முழுசாக மாற்றுவதே மேல். மாற்றும்போது ஆம்பியர், நிமிஷம், தண்டின் வெட்டு, ஸ்குரூ ஓட்டையின் இடம் நான்கையும் ஒப்பிட்டு வாங்கு.

கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றால் வீட்டுக்கு வெளியேயும் யோசி. 2018 தொடக்கத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளில் ஓவன் கடிகாரங்கள் ஆறு நிமிஷம்வரை பின்தங்கின. செர்பியா, கொசோவோ பகுதியில் மின்சாரம் குறைந்ததால் அந்தக் கடிகாரங்கள் எண்ணி ஓடும் பொது கிரிட்டின் 50 ஹெர்ட்ஸ் சற்றே இறங்கியதுதான் காரணம். ஒரு ஓவனிலும் பழுதில்லை. சப்ளையின் ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் அமெரிக்கக் கடிகாரத்தை இங்கே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினாலும் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். வோல்ட் மாறுமே தவிர, 60 ஹெர்ட்ஸ் கிடைக்காது.

மைக்ரோவேவை இப்போதைக்குத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்ட் தங்கியிருக்கலாம். கூட ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்த பிறகு தொடு.

இனி முக்கியமானது. ஸ்பேர் கிடைக்காத நாளில், “டைமரை டைரக்ட் பண்ணிக் குடுத்துடுங்க, நான் பார்த்து ஆஃப் பண்ணிக்கிறேன்” என்பார்கள். இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கினால் முடிந்தது, கூலியும் கைக்கு வரும். பாயிண்ட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போன ஓவனுக்கும் இப்படிச் செய்த ஓவனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தெர்மோஸ்டாட் சூட்டைக் கட்டுப்படுத்தும், ஆனால் மறந்து தூங்கிவிட்ட வீட்டில் ஓவனை அணைக்க அங்கே வேறு எதுவும் இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் செய்யாதே. ஸ்பேர் வரும்வரை ஓவன் உன் கடையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்